பட்டாசுக்குக் கணக்கு உண்டு; லாரிக்கு?



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு நீளமானது. சரக்குப் போக்குவரத்தினால் வரும் சுற்றுச்சூழல் கேட்டைக் குறைக்க அரசும் தொழில்துறையும் தாமாக முன்வந்து செய்துகொள்ளும் கூட்டு ஏற்பாடுகள். அழைப்பிதழில் இதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதே எனக்குத் தெம்பு. நம் ஊர்ப் பேச்சில் இதைச் சுருக்கினால் கேள்வி இப்படி வரும்: சட்டம் வந்து கழுத்தைப் பிடிப்பதற்கு முன்பாக லாரி விடும் புகையை நாமே குறைத்துக்கொள்ள முடியுமா? முடியுமென்றால், யார் யாரிடம் கேட்பது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசலில் லாரிக்காரர் மிச்சம் பிடிக்கக்கூடியதை அவர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு நடைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு டீசல். அதில் ஏமாளியாக இருந்தவர் இந்தத் தொழிலில் நிலைத்ததில்லை. மிச்சம் பிடிக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, டீசலுக்குப் பணம் கொடுக்காதவர்கள் கையில் இருக்கிறது. சரக்கை அனுப்புகிறவர், லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ், மறுமுனையில் வாங்குகிற வியாபாரி, சாலையையும் விதியையும் கையில் வைத்திருக்கிற அரசு, இந்த நால்வர் கையில். எனவே லாரி உரிமையாளரை உட்காரவைத்து அறிவுரை சொல்லும் கூட்டு எதற்கும் உதவாது. சரக்குக்காரரைக் கேள்வி கேட்கும் கூட்டுக்குத்தான் பலன் உண்டு. இந்த ஒரு மணி நேரமும் இதையே சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

அரசோடு கூட்டு என்றால் என்னவென்று பட்டாசுத் தொழில் நடத்தும் சிவகாசிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, புகையும் சத்தமும் குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், விற்கலாம். அன்றைய தேதியில் பசுமைப் பட்டாசு என்று சொல்லிக் கையில் எடுத்துக் காட்ட யாரிடமும் ஒன்றும் இல்லை. ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களில் இந்த விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை இங்கே இருக்கிற பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

பிறகு நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி களத்தில் இறங்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று கலவை வகைகள் வந்தன. பழைய பட்டாசோடு ஒப்பிட்டால் துகள் மாசு 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது இலக்கு. ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக ஒப்பந்தம் போட்டார்கள். 2019 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சராக இருந்த ஹர்ஷ் வர்தன் டெல்லியில் பசுமைப் பட்டாசை வெளியிட்டபோது, புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் மட்டும் சுமார் 230 ஆகியிருந்தன. பெட்டியில் முத்திரையும் கியூஆர் குறியீடும் ஏறின.

இதைத் தன்விருப்பம் என்று சொல்லலாமா? மேலே நீதிமன்றம் கையை ஓங்கி நிற்க, கீழே கையெழுத்துப் போட்டது எப்படித் தன்விருப்பம் ஆகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த ஆலையும் நீரியிடம்தான் போக வேண்டும், இன்ன கலவையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியிருக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதை அரசு ஆய்வகமும் தொழிலும் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடித்தன. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். மூலப்பொருளைச் சோதிக்கும் வசதியைச் சிவகாசியிலேயே திறந்தார்கள். அதற்கு முன்னால் நாக்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அளக்கும் கருவி வாசலுக்கு வந்த பிறகுதான் சின்ன ஆலைக்காரரும் உள்ளே நுழைய முடிந்தது. பசுமைப் பட்டாசைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். போலி முத்திரை, பேரியத்துக்கு மாற்று கிடைக்காத சங்கடம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் ஒரு தொழில் தன் புகைக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியது என்பதை மறுக்க முடியாது.

அந்தக் கணக்கு ஆலை வாசலோடு நின்றுபோகிறது. நாட்டில் தயாராகும் பட்டாசில் சுமார் 90 விழுக்காடு இந்த ஒரு மாவட்டத்துச் சரக்கு. அது பாட்னாவுக்கும் ஜெய்ப்பூருக்கும் லக்னோவுக்கும் போகிறது. நடைமுறையில் லாரியை விட்டால் அதற்கு வேறு வாகனம் இல்லை. பயணிகள் ரயிலில் மத்தாப்புப் பெட்டியோடு ஏறினாலே, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பும். சரக்கை ரயிலுக்கு மாற்றுங்கள் என்று உலகம் முழுக்கச் சொல்லும் முதல் மருந்து நம்முடைய முதல் சரக்குக்கே செல்லாது.

சிவகாசியிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 650 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும். ஆக ஒரு லாரி, ஒரு வழிப் பயணம், ஒன்றே முக்கால் டன். பத்து டன் ஏற்றியிருந்தால் ஒரு டன் பட்டாசின் பங்குக்கு 175 கிலோ. திரும்பி வரும்போது லோடு கிடைக்காமல் முந்நூறு நானூறு கிலோமீட்டர் எம்ப்டியாக ஓடினால் அதையும் யார் தலையிலாவது எழுதியாக வேண்டும். இன்றைக்கு யார் தலையிலும் எழுதுவதில்லை. அதே பட்டாசு டெல்லியில் வெடிக்கும்போது கருவி வைத்து அளக்க எத்தனையோ பேர் வருகிறார்கள்.

நாட்டளவில் பார்த்தாலும் இதே கதைதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட சரக்குப் போக்குவரத்து அறிக்கைப்படி நம் சரக்கில் சுமார் 70 விழுக்காடு சாலை வழியாகவே போகிறது. மொத்த வாகனங்களில் லாரிகள் மூன்று விழுக்காடுதான். போக்குவரத்துத் துறை வெளியிடும் கரியமில வாயுவிலோ மூன்றில் ஒரு பங்குக்கு அவைதான் பொறுப்பு.

இனி வெளிநாட்டுக்குப் போய் வருவோம். 2004 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஸ்மார்ட்வே என்றொரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவை 15 நிறுவனங்கள். பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. இதில் சேரச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, சேராவிட்டால் அபராதமும் இல்லை. லாரி நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு டீசல் எரித்தோம், எத்தனை மைல் ஓடினோம், எவ்வளவு சுமந்தோம், எவ்வளவு தூரம் காலியாக ஓடினோம் என்று முகமைக்கு எழுதித் தரும். முகமை ஒரே மாதிரியான வண்டிகளை ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொரு நிறுவனமும் எந்தப் படியில் நிற்கிறது என்று வெளியிடும்.

இதுவரை சொன்னது வெறும் பதிவேடு. இதற்கு உயிர் கொடுத்தது இன்னொரு பாதி. சரக்கை அனுப்பும் பெரிய கம்பெனிகளையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள். அவற்றுக்கு இட்ட நிபந்தனை, உங்கள் சரக்கில் குறைந்தது பாதியையாவது இந்தப் பட்டியலில் இருக்கும் லாரி நிறுவனங்களிடம் கொடுங்கள் என்பது. பட்டியலில் இல்லாத லாரிக்காரருக்கு லோடு குறையத் தொடங்கியது. பிறகு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அரசு செய்ததெல்லாம் அளவுகோலைக் கையில் கொடுத்ததும், எந்த டயர், எந்தக் காற்றுத் தடுப்புப் பலகை உண்மையிலேயே டீசலை மிச்சப்படுத்துகிறது என்று சோதித்துச் சொன்னதும்தான். கடைக்காரர்கள் சொல்லும் மைலேஜ் கதைகளைக் கேட்டுச் சலித்த லாரிக்காரருக்கு இந்த இரண்டாவது உதவி பெரிய உதவி.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம் 2008இல் விதி ஒன்றை இயற்றியது. அந்த மாநிலச் சாலைகளில் நீண்ட பெட்டி டிரெய்லர்களை இழுக்க வேண்டுமானால் ஸ்மார்ட்வே சோதித்து ஏற்ற வகையாக இருக்க வேண்டும், அல்லது அது ஏற்ற கருவிகளைப் பொருத்த வேண்டும். விரும்பினால் செய் என்று நான்கு ஆண்டு முன்பு தொடங்கியது, செய்தே தீர வேண்டும் என்று ஆனது. முன்கூட்டியே சேர்ந்தவர்களுக்கு அது பெரிய சுமையாக இல்லை. தன்விருப்ப ஏற்பாடுகளைச் சட்டத்தின் எதிரி என்று நம் சூழலியல் நண்பர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். சட்டத்தை ஒத்திப்போட இது ஒரு தந்திரம் என்கிறார்கள். சில இடங்களில் அப்படி நடந்திருக்கலாம். கலிபோர்னியாவில் அது சட்டத்துக்கு முன்னோட்டமாக இருந்தது.

ஸ்மார்ட்வேயை அப்படியே பிடுங்கி வந்து சிவகாசியில் நட்டால் வேர் பிடிக்குமா? பிடிக்காது. ஏன் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்க ஏற்பாடு பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டில் பெரும்பாலான லாரி உரிமையாளர்களிடம் ஐந்து வண்டிக்கு மேல் இல்லை. ஒற்றை வண்டியும் இரண்டு தவணை பாக்கியுமாக ஓட்டுகிறவர் ஆண்டறிக்கை எழுதமாட்டார். அவரிடம் எழுதச் சொல்வதும் நியாயமில்லை.

அடுத்தது சரக்கின் தன்மை. பட்டாசும் தீப்பெட்டியும் எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். லாரியின் எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். ஒரு டன்னுக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று அமெரிக்க முறையில் அளந்தால், சிமென்ட் லாரிக்காரர் உத்தமராகவும் பட்டாசு லாரிக்காரர் குற்றவாளியாகவும் தெரிவார். இங்கே பெட்டிக் கணக்கில், கன அடிக் கணக்கில் அளக்க வேண்டும். பட்டாசை மற்ற சரக்கோடு கலந்து ஏற்றவும் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்கின்றன, நிற்கவும் வேண்டும். அரை லோடாக நிற்கிற பட்டாசு லாரியில் தீப்பெட்டி பண்டலை ஏற்றி நிரப்பலாமே என்று வெளியூர் நிபுணர் யாராவது யோசனை சொன்னால் அவரைக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடும் அமெரிக்க லாரிக்குக் காற்றுத் தடுப்புப் பலகை லாபம். ஒரு நாளைக்குச் சராசரி 300 கிலோமீட்டர் ஓடும் நம் லாரிக்கு அந்த லாபம் குறைவு. ஆனால் தார்பாயை இறுக்கிக் கட்டினால் பலன் உண்டு. டயரில் காற்று சரியாக இருந்தாலும் உண்டு. காசு செலவில்லாத வேலைகள் இவை. கேபினுக்கு மேலே மலைபோல் எழும்பும் லோடைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவது நாமக்கல், சங்ககிரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை யாரும் அழைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நான்காவதுதான் உண்மையான முடிச்சு. நம்மிடம் அனுப்புகிறவரே வாடகை கொடுத்துவிடும் பெய்டு உண்டு, டு-பே உண்டு. டு-பே லோடுக்கு வாடகை கொடுப்பவர் சரக்கை வாங்கும் வியாபாரி. இங்கே ஏற்றிவிடுகிறவருக்கு லாரி எத்தனை நாள் காத்துக் கிடந்தது, எவ்வளவு தூரம் வெறும் வண்டியாக வந்தது என்பதெல்லாம் அக்கறைக்குரிய விஷயமே இல்லை. அங்கே வாடகை கொடுக்கிறவருக்கோ அது தெரிவதே இல்லை. ஆக அமெரிக்காவில் கேள்வி கேட்ட ஆள் இங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறார். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் தகவல்.

மத்திய அரசின் முயற்சிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் ஷூன்யா இயக்கத்தைத் தொடங்கியது. மின்சார வண்டியில் பொருளைக் கொண்டு சேர்க்கும் நிறுவனங்களுக்கு அடையாள முத்திரை தருவது அதில் ஒரு பகுதி. பெருநகரத்து வீட்டு வாசலுக்கான திட்டம் அது. 2022 செப்டம்பரில் மின்சார லாரிகளுக்காக இ-ஃபாஸ்ட் என்ற மேடையும், அதே மாதம் தேசியத் தளவாடக் கொள்கையும் வந்தன. ரயில்வே அதே ஆண்டு, ரயிலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு எவ்வளவு கரியமில வாயு மிச்சம் என்று கணக்கிட்டுப் பசுமைப் புள்ளிகள் தரத் தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் அந்தப் புள்ளியைக் காட்டு என்று கேட்க வாங்குகிறவர் யாரும் இல்லாத வரை அதைப் பிரேம் போட்டுச் சுவரில்தான் மாட்டலாம். 2025 ஜூலையில் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். பழைய லாரியைக் கழித்துக் கட்டிய சான்றிதழ் வேண்டும். டெல்லிக்குப் பட்டாசு கொண்டுபோக இது உதவாது. ஆனால் இங்கிருந்து தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கன்டெய்னரில் ஏற்றுமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரே வழி, ஒரே தூரம், வருடம் முழுக்கச் சரக்கு. மின்சார லாரிக்கு இதைவிடத் தோதான பாதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் மாவட்டத்து ராமசாமி ராஜா நகரில் தயாராகும் சிமென்ட்டும் அப்படித்தான்.

2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 112 மாவட்டங்களைத் தேர்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. அந்தத் திட்டமும் மேலே சொன்ன ஷூன்யா, இ-ஃபாஸ்ட் ஏற்பாடுகளும் ஒரே அலுவலகத்தின் வேலைகள். பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர் என்று நம் மாவட்டத்தின் புள்ளிவிவரத்தை மாதாமாதம் வாங்குகிற அந்த அலுவலகத்துக்கு, இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை லாரி எங்கே போகிறது என்பதும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது நம் சொந்தச் சொத்துக்கு வருகிறேன். ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அறிஞர் நாடார் சமூகத்தைப் பற்றி 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். படிக்காதவர்களுக்கும் பாட்டனார் சொன்ன கதையாக இது தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தார்கள். கருப்பட்டியும் கருவாடும் பருத்தியும் ஏற்றிவந்த மாட்டு வண்டிகள் கள்ளர் பயமில்லாமல் இரவு தங்கும் அடைப்பு அது. அங்கே சரக்கு இறக்கி வியாபாரம் செய்தவர்கள் மகமை கொடுத்தார்கள். அரசாங்கம் போட்ட வரி இல்லை அது. தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. அந்தப் பணத்தில் கிணறு வந்தது, கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி; காமராசர் படித்தது அங்கேதான்.

மகமையை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. அது ஒரு சாதிக்குள் ஓடிய ஏற்பாடு. கொடுக்காதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த அழுத்தம் இருந்ததால்தான் அது வசூலானது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வண்டிக்காரனையும் கெஞ்சவில்லை. எல்லா வண்டியும் வந்து சேரும் ஓரிடத்தில் கையை வைத்தார்கள். சரக்குக்காரரிடம் கேட்டார்கள், வண்டியோட்டியிடம் கேட்கவில்லை. கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. இந்த மூன்றும் ஸ்மார்ட்வேயில் இருக்கின்றன. அமெரிக்கா கண்டுபிடித்தது என்று நாம் கைதட்டுவதை, சக்கரமும் மாடும் மட்டும் இருந்த காலத்தில் வேறொரு தேவைக்காக இங்கே செய்து பார்த்திருக்கிறார்கள்.

இன்று எல்லா வண்டியும் வந்து சேரும் இடம் புக்கிங் ஆபீஸ். எனவே என் யோசனை இது: அளவெடுக்கும் அலகாக லாரியையோ உரிமையாளரையோ எடுத்துக்கொள்ள வேண்டாம், புக்கிங் ஆபீஸை எடுத்துக்கொள்வோம்.

ஜிஎஸ்டி வந்த பிறகு, 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போக இ-வே பில் வேண்டும். எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே பதிவாகிறது. அதில் இல்லாதவை சிலதான். லோடு ஏற்ற வருவதற்கு முன் அந்த வண்டி எவ்வளவு தூரம் எம்ப்டியாக வந்தது, இங்கே எத்தனை நாள் காத்து நின்றது, எத்தனை பெட்டி ஏறியது, நடை முடிந்தபோது எவ்வளவு டீசல் பிடித்தது. முதல் மூன்றும் புக்கிங் ஆபீஸுக்குத் தெரியும். நான்காவதை டிரைவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். மைலேஜ் அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் சங்கங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு எங்கள் லோடில் பாதி என்பதே அந்த வாக்கு. வாடகை பாட்னாக்காரர் கொடுத்தாலும், எந்த ஆபீஸில் போடுவது என்று தீர்மானிக்கும் இடம் பல சமயம் இங்குள்ள டெஸ்பாட்ச் மேஜைதான். பிளந்து கிடக்கும் அந்தக் கேள்வி கேட்கும் ஆளை இப்படித்தான் ஒட்டவைக்க முடியும்.

அந்தக் கணக்கு என்ன காட்டும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. சிவகாசிக்கு லோடு ஏற்ற வரும் வண்டி காலியாக வருகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விருதுநகரில் பருப்பும் மல்லியும் வத்தலும் வடக்கேயிருந்து வந்து இறங்குகின்றன. வாராவாரம் பத்திரிகையில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று விலை போடுகிறார்களே, அந்தச் சரக்குகள் எல்லாம் ஏதோ ஒரு லாரியில்தானே வந்தன? இறக்கிய வண்டி அடுத்த லோடுக்கு எங்கோ அலைகிறது. இரண்டு ஊர் வியாபாரிகளும் பங்காளிகள் போல. கல்யாணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள், லாரியைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இறக்கும் நேரமும் ஏற்றும் நேரமும் ஒரு பலகையில் தெரிந்தாலே காலி ஓட்டத்தில் ஒரு பகுதி போய்விடும். பட்டாசு ஏற்றும் வண்டிக்குரிய பாதுகாப்பு நிபந்தனைகளை எல்லா வண்டியும் நிறைவேற்றாது என்பதை மறக்கவில்லை. அச்சுச் சரக்குக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அந்தத் தடை இல்லை.

அரசு என்ன தர வேண்டும்? ஒரு தரப்பு மட்டும் கொடுத்தால் அது கூட்டு ஆகாது. லாரிகள் நிற்க ஓர் இடம் வேண்டும். அங்கே டிரைவர் குளிக்கவும் படுக்கவும் வசதி வேண்டும். நாமக்கல்லில் மாநில அரசும் அசோக் லேலண்டும் சேர்ந்து அமைத்த ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1978 முதல் எண்ணெய்ச் சிக்கனம் கற்பிக்கும் பிசிஆர்ஏ என்ற பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அந்த வகுப்புகள் சிவகாசிக்கு வர வேண்டும், தீபாவளி லோடு முடிந்து வண்டிகள் ஓய்ந்திருக்கும் மாதங்களில். கியரையும் பிரேக்கையும் பக்குவமாகப் பிடிக்கத் தெரிந்த டிரைவர் மிச்சம் பிடிக்கும் டீசலில் அவருக்கு ஒரு பங்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இதை எழுதாமல் போடும் எந்தத் திட்டமும் டிரைவர் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் திட்டம்தான். சாத்தூர் பக்கம் குமாரலிங்கபுரத்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா எழுந்தால், ஆயிரம் ஏக்கரில் ஒரு புதிய சரக்கு ஊற்று பிறக்கும். அங்கே ஆலைக்கு இடம் ஒதுக்கும்போதே லாரிக் கணக்கையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பிற்பாடு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

உங்கள் முகங்களில் ஒரு கேள்வி தெரிகிறது. கணக்கு எழுதிக் கொடுத்தால் அது நாளைக்கு வரித்துறைக்குப் போகாதா? இந்தப் பயம் வெறும் பிரமை இல்லை. ஆகவே கணக்கு அரசு அலுவலகத்தில் இருக்கக் கூடாது. வணிகர் சங்கமும் ஒரு கல்லூரியும் சேர்ந்து வைத்திருக்கட்டும். ஆபீஸ் வாரியாக எந்தப் படி என்பது மட்டும் வெளியே தெரியட்டும். வண்டி எண் தெரிய வேண்டாம். பொருளாதாரமும் வணிகவியலும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருளை நான் எங்கே போய்த் தேடுவேன்? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து சரிபார்க்கட்டும். ஏனென்றால் தானே எழுதும் கணக்கில் மைலேஜ் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஆடிப்பெருக்கு பூஜை போட்டுப் பட்டாசு விற்பனை தொடங்கும் நாளிலிருந்து தீபாவளிக்குக் கடைசி லாரி கிளம்பும் வரை ஒரு சீசன். சிவகாசியில் விருப்பமுள்ள பத்து புக்கிங் ஆபீஸ்கள். ஆபீஸுக்கு ஒரு நோட்டு, அதில் நான் சொன்ன நான்கு கட்டங்கள். நோட்டை எங்கே அச்சடிப்பது என்ற கவலை மட்டும் இந்த ஊருக்கு வேண்டாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். லாரி உரிமையாளர் சங்கத்தார் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்கட்டும்.